அடுத்தவர் யார்? – காற்பந்து இரசிகர் வாதம்: ஒரு திறனாய்வு

திறனாய்வு என்றதும் கவிதையும் கதையும் நாடகமுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஏட்டில் எழுதப் பெற்றவையே ஆராயத் தக்கவை என்னும் எண்ணம் ஆசிரியர்களாகிய நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஆயினும், மக்கள் நாள்தோறும் பேசும் பேச்சிலும் அமைப்பு உண்டு, அணி உண்டு, நிறையும் குறையும் உண்டு. அதிலும், ஒரு பொருளைக் குறித்து இரு சாராராய்ப் பிரிந்து பேசும் வாதம் நாம் கூர்ந்து நோக்க வேண்டிய ஒன்றாகும். மாணவரைச் சொற்போர் மேடையில் ஏற்றிப் பரிசளிக்கும் நாம், மேடைக்கு வெளியே மனிதர் எவ்வாறு வாதிடுகின்றனர் என்பதைக் காது கொடுத்துக் கேட்பதில்லை.

இக்கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்ட வாதம் இங்கிலாந்துக் காற்பந்துத் திடல்களில் எழுந்தது. ஒரு குழுவை நெடுங்காலம் நடத்திய நிர்வாகி விலக வேண்டுமா, விலகினால் அவ்விடத்தில் யார் அமர வேண்டும் என்பதே அது. சனிக்கிழமை இரவுகளில் தொலைக்காட்சிமுன் அமரும் நம் நாட்டு இளைஞர்க்கும் அது தம் வீட்டுச் சிக்கலாகவே இருந்தது. 2018ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் என் பள்ளியின் ஆசிரியர் அறையில் இளம் ஆசிரியர் இருவர் இதுபற்றி உரத்துப் பேசிக்கொண்டிருந்தனர். ஒருவர் அர்சனல் குழுவின் இரசிகர். மற்றவர் மென்செஸ்டர் யுனைடெட் இரசிகர். அவ்வழியே சென்ற என்னை நிறுத்தி, “ஐயா, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்” என்றனர். அன்று சிரித்துவிட்டு அகன்றேன். அவர்களுக்குச் சொல்லாமல் விட்ட தீர்ப்பே இக்கட்டுரை.

வானில் பறந்த இரு வாதங்கள்

ஆர்சன் வெங்கர் 1996ஆம் ஆண்டில் அர்சனல் குழுவின் நிர்வாகியானார். 2018ஆம் ஆண்டு மே திங்கள் வரை, 22 பருவங்கள் அப்பொறுப்பில் இருந்தார். 1,235 ஆட்டங்களில் குழுவை வழிநடத்தினார். மூன்று முறை பிரிமியர் லீக் பட்டமும் ஏழு முறை எஃப்.ஏ. கிண்ணமும் வென்றார். 2003–2004ஆம் பருவத்தில் 38 ஆட்டங்களில் 26இல் வென்று, 12இல் சமநிலை கண்டு, ஒன்றிலேனும் தோலாது பட்டம் பெற்றது அவர் குழு. பிரிமியர் லீக் தொடங்கிய பின்னர் வேறெக்குழுவும் ஒரு பருவம் முழுவதையும் தோல்வியின்றி முடித்ததில்லை.

அத்தகைய ஒருவரைக் குறித்துத்தான் இரசிகர்கள் இரு கூறாகப் பிளந்தனர். 2005க்குப் பின் 2014 வரை ஒரு கிண்ணமும் கிட்டவில்லை. 2011இல் மென்செஸ்டர் யுனைடெட்டிடம் எட்டுக்கு இரண்டு என்னும் கோல் கணக்கிலும், 2014இல் வெங்கரின் ஆயிரமாவது ஆட்டத்தில் செல்சியிடம் ஆறுக்குச் சுழியம் என்னும் கணக்கிலும் குழு தோற்றது. 2017ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் வெஸ்ட் பிரோம்விச் திடலில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது, வானில் ஒரு சிறு வானூர்தி பதாகை ஒன்றை இழுத்துக்கொண்டு பறந்தது. வெங்கருக்குப் புதிய ஒப்பந்தம் வேண்டா என்றது அப்பதாகை. அதே ஆட்டத்தின்போது மற்றொரு வானூர்தியும் வந்தது. அவர்மீது எங்களுக்கு நம்பிக்கை உண்டு, அவரை மதியுங்கள் என்றது இரண்டாம் பதாகை. கீழே திடலில் அர்சனல் மூன்றுக்கு ஒன்று எனத் தோற்றது.

இக்காட்சியை எண்ணிப் பார்க்குந்தோறும் எனக்கு நம் பள்ளிச் சொற்போர்களே நினைவிற்கு வருகின்றன. ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்கவில்லை. மறுப்பதற்கு அங்கே காரணம் ஒன்றும் கூறப்படவில்லை. போகவேண்டும் என்றார் ஒருவர். இருக்கவேண்டும் என்றார் மற்றவர். முடிவை மட்டும் உயரப் பறக்கவிட்டுக் காரணத்தைத் தரையிலேயே விட்டுவிட்டனர் இரு சாராரும்.

வாதத்தின் நான்கு வகை

வெங்கர் விலகுவதாக 2018 ஏப்ரல் 20ஆம் நாள் அறிவிக்கப்பட்டதும், அடுத்தவர் யார் என்னும் வாதம் மூண்டது. அன்செலோட்டி, அல்லெக்ரி, லூயிஸ் என்ரிக்கே, வியெய்ரா, ஹென்றி, அர்தெத்தா எனப் பெயர்கள் பல அடிபட்டன. அவ்வாதங்களைத் தொகுத்து நோக்கின், அவை நான்கு வகையுள் அடங்கக் காணலாம்.

முதலாவது, புகழ் வாதம். உலகறிந்த பெரும் பெயர் ஒன்று வேண்டும் என்பது இது. இரண்டாவது, பட்டியல் வாதம். எத்தனை கிண்ணம் வென்றவர் என்று எண்ணிப் பார்த்து, மிகுதியாய் வென்றவரைக் கொணர்க என்பது இது. மூன்றாவது, இல்லத்துப் பிள்ளை வாதம். நம் குழுவில் ஆடி நம் மரபறிந்த பழைய ஆட்டக்காரரே வரவேண்டும் என்பது. நான்காவது, சாயல் வாதம். போனவரைப் போன்ற ஒருவரே வேண்டும் என்பது.

இவை நான்கும் கேட்பதற்கு இனியவை, எடுத்துக்காட்டுகளும் உடையவை. ஆனால் ஒவ்வொன்றிற்கும் எதிரான எடுத்துக்காட்டும் அதே காற்பந்து வரலாற்றில் உண்டு.

பட்டியல் வாதத்தை எடுத்துக்கொள்வோம். 1974இல் லீட்ஸ் குழுவைப் பல்லாண்டு நடத்திய டான் ரெவி விலகியதும், 1972இல் டார்பி குழுவிற்கு லீக் பட்டம் பெற்றுத் தந்த பிரையன் கிளாப் அமர்த்தப்பட்டார். அவர் ஆற்றலில் ஐயமில்லை. பின்னாளில் நாட்டிங்ஹாம் பாரெஸ்ட் குழுவைக் கொண்டு இருமுறை ஐரோப்பியக் கிண்ணத்தையே வென்றவர் அவர். எனினும் லீட்ஸில் அவர் நீடித்தது 44 நாள்கள். எக்குழுவை நெடுங்காலம் பழித்துரைத்தாரோ அக்குழுவின் ஆட்டக்காரர்களையே அவர் நடத்த நேர்ந்தது.

இல்லத்துப் பிள்ளை வாதத்திற்கு லிவர்பூல் நல்ல சான்று. 1974இல் பில் ஷாங்லி விலகியபின், பல்லாண்டு அக்குழுவிலேயே ஆட்டக்காரராயும் பயிற்றுநராயும் இருந்த பாப் பெய்ஸ்லி, மனமின்றியே பொறுப்பேற்றார். ஒன்பது பருவங்களில் ஆறு லீக் பட்டங்களும் மூன்று ஐரோப்பியக் கிண்ணங்களும் பெற்றுத் தந்தார். ஆனால் மென்செஸ்டர் யுனைடெட்டில் என்ன நிகழ்ந்தது? 1969இல் மாட் பஸ்பி விலக, அக்குழுவிலேயே வளர்ந்த வில்ஃப் மெக்கின்னஸ் தம் 31ஆம் வயதில் பொறுப்பேற்றார். நேற்றுவரை தம்மோடு ஆடியவர்களையே அவர் ஆள வேண்டியிருந்தது. பஸ்பியோ பொது நிர்வாகி என்னும் பெயரில் குழுவிலேயே இருந்தார். 1970 டிசம்பரில் மெக்கின்னஸ் நீக்கப்பட்டார். பஸ்பியே மீண்டும் வந்தார். இருவரும் இல்லத்துப் பிள்ளைகளே. விளைவு மட்டும் வேறு.

சாயல் வாதத்தின் கதை இன்னும் இரங்கத் தக்கது. 1986 முதல் 2013 வரை மென்செஸ்டர் யுனைடெட்டை நடத்தி 13 லீக் பட்டங்கள் வென்ற அலெக்ஸ் பெர்குசன், தமக்கு அடுத்தவராக டேவிட் மோயஸைத் தாமே சுட்டினார். இருவரும் கிளாஸ்கோ நகரத்தவர். இருவரும் கண்டிப்பும் உழைப்பும் உடையவர். மோயஸ் எவர்ட்டன் குழுவில் 11 ஆண்டு நிலைத்து நின்றவர். ஆறாண்டு ஒப்பந்தம் தரப்பட்டது. தெரிந்தெடுக்கப்பட்டவர் இவரே எனப் பொருள்படும் பதாகையை இரசிகர்கள் திடலில் தொங்கவிட்டனர். 2014 மார்ச்சில் அதே திடலின்மேல், இவர் தவறான ஆள் என்ற பதாகையுடன் வானூர்தி பறந்தது. ஏப்ரல் 22ஆம் நாள் அவர் நீக்கப்பட்டார். பொறுப்பில் இருந்தது பத்துத் திங்கள்.

எஞ்சிய புகழ் வாதத்தை மறுக்க வேறெங்கும் செல்லவேண்டியதில்லை, வெங்கரே போதும். 1996இல் அவர் ஜப்பானிய நாகோயா குழுவிலிருந்து இலண்டனுக்கு வந்தபோது, இவர் யார் என்று செய்தித்தாளே வினவியது. அவர் உலகறிந்த பெயருடையவர் அல்லர். அர்சனலில் ஆடியவர் அல்லர். முன்னிருந்த நிர்வாகிகளின் சாயல் சிறிதும் இல்லாத பிரெஞ்சுக்காரர். 1988இல் மொனாக்கோ குழுவிற்கு லீக் பட்டம் பெற்றுத் தந்தவர் என்பது இங்கிலாந்தில் எத்துணை பேருக்குத் தெரியும்? குழுவின் துணைத் தலைவராயிருந்த டேவிட் டீன் அவரை முன்பே அறிந்து, அவருடைய பணிமுறையை மதித்திருந்தார். 1996இல் இரசிகர்களின் நான்கு வாதங்களையும் கேட்டு முடிவு செய்திருந்தால் வெங்கர் வந்திருக்கவே மாட்டார். 2018இல் அவருக்கு அடுத்தவரைத் தேடியவர்கள் அந்நான்கு வாதங்களையே மீண்டும் கையில் எடுத்தனர்.

வள்ளுவர் வைத்த வரிசை

பொருட்பாலில் 51ஆம் அதிகாரம் தெரிந்துதெளிதல்; 52ஆம் அதிகாரம் தெரிந்துவினையாடல். முன்னது ஆளை ஆராய்வது. பின்னது ஆராய்ந்த ஆளை வினையில் அமர்த்துவது. ஆளை அறிதல் வேறு, அவரை வினைக்குப் பொருத்துதல் வேறு என்பதாலன்றோ இரண்டிற்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார் வள்ளுவர்? நம் இரசிகர்களின் நான்கு வாதங்களும் முதல் அதிகாரத்தின் வாயிலிலேயே நின்றுவிடுகின்றன. இரண்டாவதற்குள் அவை காலெடுத்து வைக்கவில்லை.

இரண்டாம் அதிகாரத்துக் குறள் ஒன்று மூன்று பொருள்களை ஓர் ஒழுங்கில் வைக்கின்றது. முடிக்கவேண்டிய வினை இன்னதென்பது முதலில். அதை முடிக்கும் கருவி இன்னதென்பது அடுத்து. முடிக்கும் ஆள் இன்னாரென்பது அதன் பின்னரே வருகின்றது. இவ்வளவும் ஆராய்ந்த பிறகு வினையை அவரிடமே விட்டுவிடுமாறு சொல்லி அக்குறள் முடிகின்றது. நாம் அக்குறளின் பொருளை ஆண்டுதோறும் கற்பிக்கின்றோம்; அதன் வரிசையைக் கற்பிக்கின்றோமா? ஆள் யார் என்னும் வினா மூன்றாவதாய் வரவேண்டியது. இரசிகர் வாதமோ அதிலேயே தொடங்கி அதிலேயே முடிகின்றது. முதல் இரண்டு வினாக்கள் எழுப்பப்படவே இல்லை. இதுவே இவ்வாதத்தின் தலையாய குறை என்பது என் முடிபு.

முதல் வினாவை எழுப்பியிருந்தால் வெங்கரைப் பற்றிய வாதமே வேறு வகையாய் அமைந்திருக்கும். 2006இல் அர்சனல், ஏறத்தாழ 38,000 பேர் அமரக்கூடிய ஹைபரி திடலைவிட்டு, 60,000 பேர் அமரும் புதிய திடலுக்குச் சென்றது. அதைக் கட்டப் பெருங்கடன் பட்டிருந்தது. அவ்வாண்டுகளில் வெங்கரின் வினை என்ன? பெருஞ்செலவின்றிக் குழுவை லீக்கின் முதல் நான்கு இடங்களுக்குள் வைத்து, ஐரோப்பியப் போட்டி வருவாய் குன்றாது காப்பது. 1997 முதல் 2016 வரை இருபது பருவம் தொடர்ந்து அவர் முதல் நான்கு இடங்களைவிட்டு இறங்கவில்லை. ஹென்றி 2007இலும், பாப்ரிகாஸ் 2011இலும், வான் பெர்சி 2012இலும் பிரிந்து சென்றபின்னும் இது நிகழ்ந்தது. ஒரு சாரார் கிண்ணத்தை எண்ணினர். மறு சாரார் சிக்கனத்தைப் போற்றினர். அவ்விரு சாராரும் வெவ்வேறு வினைகளை மனத்திற்கொண்டு ஒரே மனிதரை அளந்தனர். அளவுகோல் எதுவென முதலிற் பேசியிருந்தால் பாதி வாதம் அங்கேயே அடங்கியிருக்கும். கடன்சுமை தளர்ந்தபின் வினை மாறியது. அப்புதிய வினைக்கும் அவரே தக்கவரா என்பதுதான் கேட்கப்பட்டிருக்க வேண்டிய வினா.

நாற்காலியே இல்லை

இன்னொரு செய்தியையும் இரசிகர்கள் போதிய அளவு நோக்கவில்லை. வெங்கர் வகித்த பதவி அவரோடு முடிந்துபோயிற்று. பயிற்சி, ஆட்டக்காரர் தேர்வு, உணவு, குழுவின் எதிர்காலம் என யாவற்றிலும் அவர் சொல்லே ஓங்கியிருந்தது. அவருடைய கடைசிப் பருவத்திலேயே ஆட்டக்காரரைத் தேடுதற்கும் பிற குழுக்களோடு பேசுதற்கும் தனித்தனியே ஆள்கள் அமர்த்தப்பட்டனர். 2018 மே திங்களில் வந்த உனாய் எமெரிக்குத் தரப்பட்ட பெயர் நிர்வாகி அன்று, தலைமைப் பயிற்றுநர். வெங்கரின் நாற்காலியில் அமரத் தக்கவர் யார் என்று உலகெங்கும் இரசிகர்கள் மோதிக்கொண்டிருந்தபோது, அந்த நாற்காலியைத் துண்டு துண்டாக்கிப் பலருக்குப் பகிர்ந்தளித்து முடித்திருந்தது குழு.

லிவர்பூலிலும் இஃதே நிகழ்ந்தது. யூர்கன் கிளாப் 2024 சனவரியில் தம் விலகலை அறிவித்ததும், பழைய ஆட்டக்காரரான சாபி அலொன்சோவே வரவேண்டும் என்ற குரல் ஓங்கியது. அவரோ தம் ஜெர்மானியக் குழுவிலேயே இருப்பதாக மார்ச் திங்களில் சொல்லிவிட்டார். இரசிகர் பலர் எண்ணியும் பாராத ஆர்னே சுலாட் தலைமைப் பயிற்றுநராய் வந்தார். முதற் பருவத்திலேயே, 2024–2025இல், லீக் பட்டத்தை வென்றார். வினையை வரையறுத்து, அதற்கேற்ற ஆளைத் தேடியவர்களுக்குக் கிட்டிய பயன் இது.

நன்றியும் ஐயமும்

வெங்கர் இருக்கவேண்டும் என்ற சாராரிடம் வலிமையான காரணம் ஒன்று உண்டு. அது நன்றி. இத்துணை செய்தவரை எவ்வாறு போகச் சொல்வது என்று அவர்கள் கேட்டபோது, எதிர்ச் சாராரால் மறுமொழி கூற இயலவில்லை. ஆகவே ஏளனத்தில் இறங்கினர். உண்மையில் இவ்வினாவிற்கு மறுமொழி எளிது. நன்றி கடந்த காலத்திற்குச் செலுத்தப்படுவது. பொறுப்பு வருங்காலத்திற்காகத் தரப்படுவது. நன்றியைப் பதவியாய்க் கொடுத்தால் இரண்டும் கெடும். போகச் சொல்லும் சாரார் நன்றியை முதலில் முழுமையாய்ச் செலுத்திவிட்டுப் பின்னர் வாதிட்டிருப்பின் அவர் சொல் எடுபட்டிருக்கும்.

தெரிந்துதெளிதலின் இறுதிக் குறள் மற்றோர் உண்மையையும் சொல்கின்றது. ஆராயாது ஒருவரை நம்புவதும், நம்பி ஏற்றுக்கொண்டவரைப் பின்னர் ஐயப்படுவதும் ஓயாத் துயர் தரும் என்பது அதன் கருத்து. மோயஸுக்கு இரண்டும் நேர்ந்தன. எமெரியும் 2019 நவம்பரில் நீக்கப்பட்டார். பின் வந்த மிக்கெல் அர்தெத்தா 2020இல் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றபோதும், அடுத்தடுத்த இரு பருவங்களில் குழு எட்டாம் இடத்திலேயே முடிந்தது. 2021 ஆகஸ்டில் லீக்கின் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. மீண்டும் வெளியேற்றுக குரல்கள் எழுந்தன. இம்முறை குழு அசையவில்லை. 2023, 2024, 2025 ஆகிய மூன்றாண்டுகளிலும் லீக்கில் இரண்டாம் இடம் கிட்டியது. பெர்குசனையே 1989இல், மூன்றாண்டுச் சாக்குப்போக்குப் போதும் எனப் பொருள்படும் பதாகை காட்டி வழியனுப்ப முயன்றனர் என்பதை நினைவிற் கொண்டால், வினையை அவரிடமே விடுமாறு சொன்ன குறளின் கடைசிச் சொல் எத்துணை அருமையானது என்பது விளங்கும்.

என் மேசைக்கு வந்த வாதம்

காற்பந்து பற்றி இவ்வளவு சொல்ல உனக்கென்ன தகுதி என்று வாசகர் கேட்கலாம். எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூடம்தான். முதன்முதலாக நான் தலைமையாசிரியராய்ச் சென்ற தோட்டப் பள்ளியில், எனக்கு முன்னிருந்தவர் 23 ஆண்டுகள் பணியாற்றியவர். நான் சென்ற நாள் முதல், பழைய ஐயா இருந்தபோது அப்படி, பழைய ஐயா இருந்தபோது இப்படி என்ற பேச்சே காதில் விழுந்தது. நானும் அவரைப் போலவே இருக்க முயன்றேன். அவர் நின்ற இடத்தில் நின்று சபைகூடலை நடத்தினேன். அவரைப் போலவே பெற்றோரை அதட்டினேன். ஒன்றும் பொருந்தவில்லை. இரண்டாண்டு கழித்தே எனக்கு உறைத்தது. அவர் காலத்தில் தோட்டம் நிறைய மக்கள் இருந்தனர். பிள்ளைகளை ஒழுங்குபடுத்துவது அவர் வினை. என் காலத்தில் பால்மரம் வெட்டப்பட்டு, குடும்பங்கள் பட்டணத்திற்குப் பெயர்ந்துகொண்டிருந்தன. வீடுவீடாய்ச் சென்று பிள்ளைகளைத் தேடிக் கொணர்வது என் வினை. அதட்டுபவனுக்கு அங்கே வேலையில்லை. வினை மாறியதை நானும் காணவில்லை. என்னை ஒப்பிட்டுப் பேசியோரும் காணவில்லை.

இன்னும் மூன்றாண்டில் நான் பணி ஓய்வு பெறுவேன். அடுத்தவரை அமர்த்துவது அமைச்சு. ஆயினும் பேசுவதற்குத் தடையேது? பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இப்போதே பெயர்கள் அடிபடுகின்றன. உண்மையைச் சொன்னால், என் மனத்திலும் ஒரு பெயர் இருந்தது. என்னிடம் படித்து ஆசிரியரானவர் அவர். நான் மேலே குறைகூறிய இல்லத்துப் பிள்ளை வாதமே என் நெஞ்சில் குடியிருந்தது என்பதை இக்கட்டுரை எழுதும்போதுதான் அறிந்து நாணினேன். ஒரு தாளை எடுத்து, இப்பள்ளிக்கு அடுத்த பத்தாண்டில் செய்யவேண்டிய வினைகளை எழுதத் தொடங்கினேன். ஐந்து வினைகள் எழுதினேன். அவற்றுள் மூன்று, நான் ஒருபோதும் செய்யாதவை. அப்பெயர் இன்னும் என் மனத்தில் உண்டு. ஆனால் தாளில் அதை எழுதவில்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். சொற்போரில் மாணவர் குரலுக்கும் கையசைவிற்கும் புள்ளி வழங்குகின்றோம். இனி, யார் என்னும் வினா எழும் தலைப்புகளில், முதல் ஐந்து நிமிடம் ஒருவர் பெயரும் சொல்லாமல் பேசப் பணித்துப் பாருங்கள். வகுப்புத் தலைவன் தேர்தலாயினும் சரி, காற்பந்துக் குழுவின் நிர்வாகியாயினும் சரி, செய்யவேண்டியது என்ன, எதனைக் கொண்டு என்பவற்றை அவர்கள் முதலில் உரைக்கட்டும். பெயர் பிறகு வரட்டும்.

அவ்விளம் ஆசிரியர் இருவருக்கும் என் தீர்ப்பு இதுதான்: தம்பிகளே, அன்று நீங்கள் இருவரும் ஆறு பெயர் சொன்னீர்கள், ஒரு வினையும் சொல்லவில்லை. ஆகவே வெற்றி இருவர்க்கும் இல்லை. மறுபடியும் தொடங்குங்கள், இம்முறை நானும் அமர்ந்து கேட்கிறேன்.